பூட்டிய பெட்டியும் உரிய சாவியும்



'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்பது பழமொழி. சென்ற கோடை விடுமுறையில் என் படிப்புக்கென அப்பா ஒரு பழைய மடிக்கணினி வாங்கி வந்தார். கடையில் அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அணைத்துவிட்டு மறுபடி இயக்கியபோது, கருந்திரையில் கடவுச்சொல் கேட்டது. மூன்று முறை ஏதேதோ எழுதிப் பார்த்தோம். கணினி அப்படியே நின்றுவிட்டது.

இது என்ன பூட்டு? விண்டோஸ் கேட்கும் கடவுச்சொல் வேறு, இது வேறு. கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது, தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் எழுதப்பட்ட சிறு நிரலாகும். இதனை நிலைபொருள் என்பர். பயாஸ் என்பது பழகிய பெயர். நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு முதலியவற்றைச் சோதித்த பின்னரே அது விண்டோஸை அழைக்கும். ஆகவே விண்டோஸை மீண்டும் நிறுவினாலும், வன்தட்டையே மாற்றினாலும் இந்தப் பூட்டு திறவாது.

1984-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி. ஏ.டி. கணினியில், அமைப்பு விவரங்கள் மின்கலத்தின் உதவியால் அழியாமல் காக்கப்பட்டன. பின்வந்த பல மேசைக் கணினிகளில் கடவுச்சொல்லும் அவ்வாறே காக்கப்பட்டது. நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலத்தைச் சற்று நேரம் கழற்றி வைத்தால் அது மறைந்துவிடும். இக்கால மடிக்கணினிகள் பலவற்றிலோ, மின்சாரமே இல்லாவிடினும் அழியாத சில்லில் அது பதிந்துள்ளது. மேற்பார்வைக் கடவுச்சொல்லை மறந்தால் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்று லெனோவோவின் திங்க்பேட் கையேடுகள் கூறுகின்றன. இவ்வளவு கடுமை ஏன்? திருடியவனுக்கு அது பயன்படக் கூடாது என்பதற்காகவே.

பழுது பார்ப்பவர் ஒருவர், "பில் எதுவும் வேண்டாம், பணம் தந்தால் திறந்து தருகிறேன்" என்றார். பள்ளி திறக்கப் பத்து நாள்களே இருந்தன, எனக்கோ ஆசை. துறைமுகத்தில் பணிபுரியும் அப்பா மறுத்துவிட்டார். "சரக்குப் பெட்டகத்தின் முத்திரையை உடைக்க ஒரு வெட்டுக்கருவி போதும். ஆனாலும் முத்திரை எண்ணையும், சரக்கு யாருடையது என்னும் தாளையும் பார்த்துத்தானே ஒப்படைக்கிறோம்? இது யாருடையது என்று முதலில் தெரியட்டும், அம்மா" என்றார்.

விற்ற கடைக்கே சென்றோம். "அண்ணாச்சி, இதன் பழைய பில்லைக் காட்டுங்கள்" என்று அப்பா கேட்டார். தேடி எடுத்துத் தந்தார். பில்லிலிருந்த வரிசை எண்ணும் கணினியின் அடியிலிருந்த எண்ணும் ஒன்றாயிருந்தன. முதலில் வாங்கியவர், படிப்பு முடித்து வெளியூரில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. தொலைபேசியில் கேட்டதும், "அடடா, நீக்க மறந்துவிட்டேனே!" என்று கடவுச்சொல்லைச் சொன்னார். அன்றே அமைப்புப் பக்கத்தில் அதை நீக்கினோம்.

இதனால் நான் கற்றவை:

1. பழைய கணினியை வாங்குமுன், விற்பவர் முன்னிலையிலேயே முழுவதும் அணைத்து மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும். அமைப்புப் பக்கமும் திறக்கிறதா என்று காண வேண்டும்.

2. வரிசை எண்ணுள்ள பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் உரிமையாளர் கிடைக்காவிடில், அந்தப் பில்லுடன் தயாரிப்பாளரின் சேவை மையத்தை நாடலாம். பில்லே இல்லையெனில் வாங்காதிருப்பதே நலம்.

3. நாம் கடவுச்சொல் இட்டால், வீட்டு நோட்டில் எழுதி, கணினியோடு வைக்காமல் தனியே வைக்க வேண்டும். பிறருக்குக் கொடுக்கும்போது நீக்கிக் கொடுக்க வேண்டும்.

தோழியரே, பூட்டைத் திறக்கத் தெரிந்திருப்பது திறமை; யாரைக் கேட்டுத் திறக்க வேண்டும் என்று அறிந்திருப்பது நேர்மை. இரண்டும் நமக்கு வேண்டும்.