ஆள்காட்டி கற்றுத் தந்த பாடம்



பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆனில், அல் அன்ஆம் அத்தியாயத்தில், அல்லாஹுத் தஆலா அறிவிக்கிறான். இதை நாம் பல தடவை ஓதியிருக்கிறோம். ஓதியதைக் கண்ணால் காணும் வாய்ப்பு ஒருநாள் கிடைத்தது.

பங்குனி பிறந்த சமயம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். பல்லவர் காலத்திலேயே பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி இவ்வூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. அந்த ஆற்றைப் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்டு, காஞ்சிபுரம் வழியாக ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையை அடைந்தோம்.

ஆற்றில் மணலும் கூழாங்கல்லும்தான். அங்கங்கே சிறு குட்டைகள். ஆனால் உயிர்களுக்குக் குறைவில்லை. கரையிலிருந்த எருக்கஞ்செடியைச் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகள் சுற்றின. எருக்கிலையைத் தின்றே அவற்றின் புழுக்கள் வளர்கின்றன. ஒரு பிள்ளை பூச்சியின் சிறகைப் பிடித்துவிட்டான். விரலில் பொடி ஒட்டியது. அது வெறும் பொடியன்று. சிறகுக்கு நிறம் தரும் நுண்ணிய செதில்கள். உதிர்ந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இதைச் சொன்னதும் உடனே விட்டுவிட்டான்.

கரைச்சரிவில் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டிக்கொண்டிருந்தன. மண்ணுக்குள்தான் அவை முட்டையிடும். குட்டையோரம் மஞ்சள் வாலாட்டிகள் இரை பொறுக்கின. குளிருக்கு இங்கே வந்த அவை, இமயத்துக்கு அப்பால் திரும்பிப் போகும் நாட்கள் நெருங்கிவிட்டன.

இன்னும் கொஞ்சம் நடந்தோம். திடீரென்று ஓர் ஆள்காட்டிக் குருவி தலைக்குமேல் வட்டமிட்டு ஓயாமல் கத்தியது. “பெரியத்தா, இது ஏன் இப்படிக் கத்துது?” என்றான் தம்பி மகன். நின்று பார்த்தோம். இரண்டு முழத்துக்கு அப்பால், கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள்! மண்நிறம், கரும்புள்ளி, கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் இரண்டடி வைத்திருந்தால் மிதித்திருப்போம். ஒன்றை எடுத்துப் பார்க்கப் பிள்ளையின் கை நீண்டது.

அப்போது அபூதாவூதில் வரும் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய் வந்து சிறகடித்துத் தவித்தது. நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைக் கண்டு, இதைத் துயரப்படுத்தியவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆணையிட்டார்கள். இதைச் சொன்னதும் பிள்ளை கையை இழுத்துக்கொண்டான். வந்த சுவட்டிலேயே பின்வாங்கினோம். தாய் இறங்கி வந்து முட்டைமேல் அமர்ந்தது. வெயில் ஏறிய பிறகும் நாம் அங்கேயே நின்றிருந்தால், நிழல் தர ஆளின்றி அம்முட்டைகள் வெந்தே போயிருக்கும். தொடாமலேயே ஓர் உயிருக்குத் தீங்கு செய்துவிட முடியும் என்பதை அன்று உணர்ந்தோம்.

பறவை நூல் அறிஞர் சாலிம் அலி (1896 – 1987) சிறு வயதில் குருவி சுட்டவர்தாம். சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டு, இது என்ன பறவை என்று கேட்கப் போனார். அந்தக் கேள்வியே அவருடைய வாழ்க்கையானது. நம் பிள்ளைகளின் கேள்விகளையும் நாம் அடக்கிவிடக் கூடாது.

ஆகவே, பெற்றோர்களே! அதிகாலையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மெதுவாக நடக்கவும் அமைதியாகப் பார்க்கவும் பழக்குங்கள். கூட்டையோ முட்டையையோ தொட விடாதீர்கள். பறவை பதறிக் கத்தினால் நின்று, காலடியைப் பார்த்து, விலகிவிடுங்கள். ஆற்றங்கரைக்குப் போக முடியாதவர்கள் கொல்லையிலுள்ள கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். பறவை எச்சம் போல ஒன்று இலையில் ஒட்டியிருந்தால் நசுக்காதீர்கள். அது நாளைய வண்ணத்துப்பூச்சியாக இருக்கலாம்.

தன் படைப்புகளைப் பார்க்கும் கண்ணையும், அவற்றின்மேல் இரங்கும் நெஞ்சையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.