இடுப்பு வலிக்கு இழுவை மேஜை: பணம் கட்டுமுன் சில விவரங்கள்

காலையில் மூட்டைகளை இழுத்துப் போடுவதும், பிறகு பத்து மணி நேரம் கல்லாவில் உட்காருவதும் நம் தொழில். இடுப்பு வலி இல்லாத மளிகைக் கடைக்காரர் அபூர்வம். 'டிஸ்க் விலகியிருக்கிறது' என்று டாக்டர் சொன்ன மறுநாளே, ஆபரேஷன் இல்லாமல் சரிசெய்யும் மெஷின் இருக்கிறது, இருபது முறை படுத்து எழுந்தால் போதும் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது டிஸ்க். வெளியே நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால் பிட்டத்திலிருந்து பாதம் வரை சுண்டி இழுக்கும். பெரும்பாலும் பிதுங்குவது இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளே. 1960-களில் சுவீடன் மருத்துவர் நாக்கெம்சன் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். படுக்கையில் மிகக் குறைவு, நிற்பதைவிட உட்காருவதில் அதிகம், குனிந்து பாரம் தூக்குகையில் இன்னும் அதிகம் என்று கண்டார். கல்லாவில் உட்காருவதை ஓய்வு என்று நாம் கணக்கு வைத்திருப்பது தவறு.

'டிகம்ப்ரஷன்' மேஜையில் மார்பிலும் இடுப்பிலும் பெல்ட் கட்டி, கம்ப்யூட்டர் கணக்குப்படி சற்று நேரம் இழுத்துச் சற்று நேரம் தளர்த்துகிறார்கள். டிஸ்க்கினுள் அழுத்தம் குறைந்தால் பிதுங்கியது உள்வாங்கும் என்பது அவர்கள் வாதம். பிசியோதெரபியில் பல காலமாக உள்ள டிராக்ஷனின் புது உருவம்தான் இது. 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அழுத்தம் குறைவதை அளந்தே காட்டினார்கள். ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அழுத்தம் குறைவது வேறு, வலி தீர்வது வேறு. 2013-ல் காக்ரேன் அமைப்பு டிராக்ஷன் பற்றிய 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலியிலோ வேலைக்குத் திரும்புவதிலோ சொல்லத்தக்க பலன் தெரியவில்லை. 2016-ல் பிரிட்டனின் அரசு வழிகாட்டி நெறியும் இடுப்பு வலிக்கு டிராக்ஷன் வேண்டாம் என்றது. கம்ப்யூட்டர் மேஜை பழையதைவிட மேல் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

அப்படியானால் குணமானவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. டிஸ்க் பிதுங்கல் வலி பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே தணியும். இருபது முறை முடியவும் அதில் பாதிக் காலம் ஓடிவிடும். தீபாவளி வாரத்தில் புதுப் போர்டு மாட்டிவிட்டு, விற்பனை போர்டால் கூடியது என்பதுபோல்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு மையத்தில் இருபது முறைக்கும் மொத்தமாகப் பணம் கட்டினேன். மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டை துவரம்பருப்புகூட வாங்காதவன், ரசீதின் பின்பக்கம் படிக்கவில்லை. ஒன்பதாம் முறையில் கால் வலி அதிகமாகி நிறுத்தினேன். மீதிப் பணம் வரவில்லை. பிறகு எலும்பு மருத்துவர் சொன்ன மாத்திரையும் நடையும் பயிற்சியுமாக இரண்டு மாதத்தில் கடைக்கு வந்தேன். பயிற்சி ஆற்றியதா, காலம் ஆற்றியதா, எனக்கே தெரியாது. விரும்புகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகப் பணம் கொடுத்துப் பார்க்கலாம். எலும்பு தேய்ந்தவர்கள், எலும்பு முறிவோ கட்டியோ உள்ளவர்கள், முதுகில் ஸ்க்ரூ வைத்தவர்கள், கர்ப்பிணிகள் அந்த மேஜைப் பக்கமே போகக்கூடாது.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் ஓர் ஆண் தூக்கும் பாரத்துக்கு 55 கிலோவை உச்ச வரம்பாகப் பரிந்துரைத்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள அரிசிப் பைக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் நாம் 26 கிலோ சிப்பத்துக்கு மாறினோம். வரி மிச்சம், கூடுதல் ஒரு கிலோ யார் இடுப்பில் ஏறியது என்று நாம் கேட்கவில்லை!

எங்கள் தெருவில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு இடுப்பு வலியோடு சிறுநீர் நின்றுவிட்டது. உட்காரும் இடம் மரத்துப்போனது. சூடு என்று இளநீர் குடித்து இரண்டு நாள் கழித்தார். முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கினால் வரும் அறிகுறிகள் இவை. இந்த நிலையில் எந்த மேஜையும் உதவாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவருக்கு மூன்றாம் நாள்தான் ஆபரேஷன் நடந்தது. இன்று நடக்கிறார். சிறுநீருக்கு மட்டும் இன்னும் டியூப்தான்.