அழிந்தும் அழியாத அகரம்



லினக்ஸ் கணனியிற் கட்டளைகளைத் தட்டெழுதும் திரையை முனையம் என்பர். அதன் இயல்புகளை மாற்றுங் கட்டளை 'எஸ்ரிரிவை' என்பதாகும். ஒருநாள் வகுப்பில் முனையம் குழம்பிவிட, அக்கட்டளையுடன் 'சேன்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து வழமைக்குக் கொணர்ந்தோம். சித்தந் தெளிந்த நிலை என்பது அதன் பொருள்.

பின்னர், எழுதியதைத் திருப்பிக் காட்டும் 'கற்' கட்டளையை இயக்கி, மாணவி ஒருத்தி 'அ' எழுதினாள், உடனே அழித்தாள். எழுத்து மறைந்தது. ஆயின் அடுத்த வரிக்குச் சென்றதும் உருத்தெரியாக் குறிகள் தோன்றின. "தமிழ் கணனிக்கு ஒத்துவராதா, சேர்?" என்றாள். அக்கேள்வி என்னை வருத்தியது.

குறை தமிழில் இல்லை. யூரிஎவ்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைற்று போதும். அகரத்திற்கு 3 வேண்டும். 'சேன்' நிலையில் முனையம் ஓர் அழுத்தத்திற்கு ஒரு பைற்றையே நீக்கும். எழுத்து மறைந்தாலும் உள்ளே இரண்டு எஞ்சும். தெளிந்த சித்தம் ஆங்கிலம் மட்டுமே அறிந்த சித்தம் போலும்!

2004இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.4 பதிப்பில் இதற்கு வழி செய்தனர். 'எஸ்ரிரிவை' என எழுதி, இடைவெளி விட்டு, 'ஐயூரிஎவ்8' என ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் இடுக. முன்னே கழித்தற்குறி சேர்த்தால் அவ்வமைப்பு நீங்கும். அதனை இட்டபின் மாணவியின் அகரம் முழுதாக அகன்றது. 'கி' எழுதியபோது மட்டும் முதல் அழுத்தத்தில் இகரக்குறி போய்க் ககரம் நின்றது. அவை இரண்டும் தனித்தனிக் குறியீடுகள்.

வீட்டில் 'தமிழ்' என எழுதி அழித்துப் பாருங்கள். மூன்றெழுத்துக்கு எத்தனை அழுத்தம் வேண்டும்? பெற்றோரும் முயலலாம்.