செல்ஃப் சர்வீஸ் கார் வாஷ்: 2% கார்டு கட்டணமா, 1 நிமிஷ டைமரா, எது உங்க காசைத் தின்னுது?

மாசச் சம்பளத்தோட சைடு வருமானம் தேடுற பலர் கேக்குற கேள்வி இது: "கோச்சடைல மேலக்கால் மெயின் ரோடு பக்கம் சொந்தக்காரர் இடம் சும்மா கிடக்கு. ஆள் வைக்காம, காசு கட்டினா பம்ப் ஓடுற மாதிரி கார் வாஷ் போடலாமா? கார்டு மெஷின் வச்சா 2 சதவீதம் புடிச்சிடுவாங்களே?"

நம்ம ஊர்ல வாட்டர் வாஷ்னா வண்டிய விட்டுட்டு எதிர்க்கடைல டீ குடிக்கிறதுதான் பழக்கம். அதனால தானே கழுவ ஆள் வருவாங்களாங்கிறது பெரிய கேள்வி. ஆனா பெர்சனல் லோன் போடுறதுக்கு முன்னாடி இந்த 2 சதவீதக் கணக்கப் பாத்துருவோம்.

முதல்ல மெஷின் எப்படி வேலை செய்யுது? பழைய ஒரு ரூபா காயின் போன் ஞாபகம் இருக்கா? காசு போட்டா லைன், நேரம் முடியப் போகுதுன்னா பீப். அதே கதைதான். அமெரிக்காவுல இந்த வாஷ் எல்லாம் காயின்லதான் ஆரம்பிச்சது. காயின் விழுந்ததும் டைமர் போர்டுக்கு ஒரு பல்ஸ் போகும், போர்டு பம்ப்பை ஓட விடும். பின்னாடி வந்த கார்டு ரீடரும் அதே பல்ஸைத்தான் அனுப்புது. டைமருக்கு அது காயினா கார்டானு தெரியாது. இங்க ஒரு எச்சரிக்கை: போர்டுல இருக்கிற சின்ன ரிலேல மோட்டாரை நேரா மாட்டாதீங்க, கருகிடும். நடுவுல காண்டாக்டரும் ஓவர்லோடு ரிலேவும் எலக்ட்ரீஷியன் போட்டுத் தரணும்.

இப்ப கணக்கு. எல்லாம் என் அனுமானம், உங்க நம்பரை நீங்க போட்டுக்கோங்க. 6 நிமிஷத்துக்கு 60 ரூபா. கன் நிமிஷத்துக்கு 15 லிட்டர் தள்ளுதுன்னா 90 லிட்டர். லாரித் தண்ணி லிட்டர் 15 பைசான்னா 13.50 ரூபா. கரண்ட் 2.50, ஷாம்பு 5. ஆக 21 ரூபா செலவு, கைல 39. இதுல இருந்துதான் வாடகை, ரிப்பேர், லோன் தவணை எல்லாம்.

ஒரு நாளைக்கு 15 வண்டி, மாசம் 450. எல்லாருமே கிரெடிட் கார்டுல கட்டினாலும் 27,000 ரூபாய்ல 2 சதவீதம், 540 ரூபாதான். அதே டைமர் தப்பா செட் ஆகி ஒவ்வொரு வண்டிக்கும் 1 நிமிஷம் கூட ஓடினா? தண்ணியும் கரண்டும் மட்டும் 2.67 ரூபா, மாசம் 1,200 ரூபா. வரிசைல வண்டி நிக்கிற ஞாயித்துக்கிழமைன்னா அந்த நிமிஷத்தை 10 ரூபாய்க்கு வித்திருக்கலாம், அதுவும் போச்சு. கார்டு கட்டணத்தை மட்டும் பாத்துப் பயப்படுறவங்க இதை எழுதி வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, அந்த 540 கூட முழுசா வராது. யுபிஐக்கு 2020 ஜனவரியில இருந்து கடைக்காரர்கிட்ட எம்டிஆர் வாங்குறதில்லை. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில இணைச்சுக் கட்டினாலும், சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபா வரைக்கும் கட்டணம் இல்லைனு 2022 அக்டோபர்ல விதி வந்துச்சு. ஆனா உங்க சொந்த கியூஆரை ஒட்டி வச்சா அந்தக் கிரெடிட் கார்டு வேலை செய்யாது, மெர்ச்சன்ட் கியூஆர் வேணும். இந்தச் சைஸ் கடைக்கு மாச வாடகை கேக்குற கார்டு மெஷினை முதல் நாளே வாங்காதீங்க.

ஆள் இல்லாத இடத்துல சவுண்ட்பாக்ஸ் கத்தினா யார் கேப்பா? ஸ்க்ரீன்ல ஒவ்வொரு தடவையும் புது டைனமிக் கியூஆர் வரணும். "பணம் வந்துடுச்சு"னு பேமென்ட் கேட்வேல இருந்து செய்தி வந்த பிறகுதான் பம்ப் ஓடணும். அதே செய்தி சில சமயம் ரெண்டு தடவை வரும். டிரான்சாக்‌ஷன் நம்பரைச் சரிபாக்கலைன்னா 6 நிமிஷம் 12 ஆயிடும்! லேட்டா வந்து கஸ்டமர் கிளம்பியிருந்தா பணம் தானா ரீஃபண்ட் ஆகணும். பணம் போயிடுச்சு, கடைக்கு உறுதி வரலைன்னா 5 நாளுக்குள்ள திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபா இழப்பீடுனு ரிசர்வ் வங்கி 2019லேயே சொல்லியிருக்கு. இதை போர்டுலயே எழுதி ஒட்டுங்க, பாதி சண்டை குறையும்.

மீதி சண்டை டைமர்ல. "நான் சோப்பு தேய்க்கிறப்பயும் நேரம் ஓடுதே"ம்பாங்க. நியாயம்தான். பாஸ் பட்டன் குடுத்தா, அதை அமுக்கிட்டு அரை மணி நேரம் போன் பேசுறவரும் வருவார். என் யோசனை ரெண்டு டைமர்: பம்ப் ஓடுறதுக்கு 6 நிமிஷம், இடத்துல நிக்க மொத்தம் 15 நிமிஷம். கடைசி 30 செகண்ட்ல பஸ்ஸர். நடுவுல கரண்ட் போனா மீதி நேரத்தை போர்டு மறக்கக்கூடாது. வாங்குறப்பவே பிளக்கைப் புடுங்கி டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

லோன் அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை: 20 லிட்டர் பக்கெட்டும் போன் ஸ்டாப்வாட்சும் எடுத்துட்டு, வாங்கப் போற பம்ப்பை ஓட விட்டு பக்கெட் நிறைய எத்தனை செகண்ட்னு பாருங்க. 80 செகண்ட்னா என் கணக்கு சரி. 60ன்னா நிமிஷத்துக்கு 20 லிட்டர், 6 நிமிஷத்துக்குத் தண்ணி மட்டும் 18 ரூபா. அப்ப 60 ரூபாய்க்கு 6 நிமிஷம்னு போர்டு அடிக்காதீங்க, 5 நிமிஷம்னு அடிங்க.