உடலுரத்தின் உரைகல்

நுழையும்முன்

விளையாட்டுகளுள் மிக உயர்ந்த உடல்திறனை வேண்டுவது எது? இவ்வினாவைக் கேட்டவுடன் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் விளையாட்டின் பெயரையே விடையாகக் கூறுவர். விருப்பம் வேறு, அளவை வேறு. உடலின் ஆற்றலை அளக்கும் முறைகள் வளர்ந்துள்ள இக்காலத்தில், இவ்வினாவுக்கு எத்தகைய விடை காண இயலும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பழமையான வினா

சிறந்த உடல் எது என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. பண்டைக் கிரேக்கத்தின் ஒலிம்பியா விழாவில் ஓட்டம், தாண்டுதல், வட்டெறிதல், ஈட்டியெறிதல், மற்போர் ஆகிய ஐந்தும் அடங்கிய ஐம்போட்டி நடைபெற்றது. வலிமையும் விரைவும் ஒருங்கே அமைந்திருப்பதால் ஐம்போட்டி வீரரின் உடலே அழகு மிக்கது என அரிஸ்டாட்டில் கருதினார்.

அதே கிரேக்க மரபில் மற்றொரு கதையும் வழங்குகிறது. குரோட்டன் நகரத்து மற்போர் வீரரான மைலோ, இளங்கன்று ஒன்றை நாள்தோறும் தோளில் சுமந்தார் என்பர். கன்று வளர வளர அவர்தம் வலிமையும் வளர்ந்தது. அது முழுக்காளையான பின்னரும் அவரால் சுமக்க முடிந்தது என்பது கதை. இது நிகழ்ந்ததா என்பது ஒருபுறம் இருக்க, இதில் பொதிந்துள்ள உண்மை இன்றைய பயிற்சி முறைகளின் அடிப்படையாக விளங்குகிறது. சுமையைப் படிப்படியாகக் கூட்டினால் உடலும் படிப்படியாக உரம் பெறும். உடல் எதைச் செய்யுமாறு பணிக்கப்படுகிறதோ, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். எனவே, விளையாட்டுகளை ஒப்பிடுமுன் ஒவ்வொன்றும் உடலிடம் எதைக் கேட்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

ஆற்றலின் மூன்று வழிகள்

தசை சுருங்கி விரிய ஆற்றல் தேவை. அவ்வாற்றலை உடல் மூன்று வழிகளில் பெறுகிறது. தசையில் முன்னரே சேமிக்கப்பட்டுள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளிலிருந்து உடனடியாகப் பெறுவது முதல் வழி. இது மிக விரைவானது. ஆயினும், ஏறத்தாழப் பத்து நொடிகளுக்குள் தீர்ந்துவிடும். நூறு மீட்டர் ஓட்டமும் பளுதூக்குதலும் பெரிதும் இவ்வழியைச் சார்ந்தவை.

உயிர்வளியின் துணையின்றிச் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறுவது இரண்டாம் வழி. நானூறு மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் பகுதியில் வீரரின் கால்கள் கனத்துப்போவதற்கு இவ்வழியின் விளைவுகளே பெருங்காரணம். உயிர்வளியைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஆற்றல் பெறுவது மூன்றாம் வழி. இது மெதுவானது, ஆனால், மணிக்கணக்கில் நீடிக்க வல்லது. நெடுந்தொலைவு ஓட்டம் இதனை நம்பியே நடைபெறுகிறது.

மூன்று வழிகளும் எப்போதும் இணைந்தே இயங்குகின்றன. எதன் பங்கு மிகுதி என்பதே விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடுகிறது.

உயிர்வளி என்னும் அளவுகோல்

உடலின் தாங்குதிறனை அளக்கப் பெரிதும் பயன்படும் அளவுகோல் 'பெரும உயிர்வளி நுகர்வு' ஆகும். கடும் உழைப்பின்போது, ஓர் உடல் ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லி லிட்டர் உயிர்வளியைப் பயன்படுத்த இயலும் என்பதை இது காட்டும். இக்கருத்தை 1920களில் வளர்த்தெடுத்தவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஏ.வி.ஹில். தசை வெளியிடும் வெப்பத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்.

பயிற்சி பெறாத நலமான இளைஞருக்கு இவ்வளவு பெரும்பாலும் 40 முதல் 45 வரை இருக்கும். உலகத்தரம் வாய்ந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடம் 70ஐயும் தாண்டும். நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு வீரர்களிடம் 80ஐக் கடப்பதும் உண்டு. மிகச் சிலர் 90ஐயும் எட்டியுள்ளனர். நார்வே, சுவீடன், பின்லாந்து முதலிய நாடுகளில் வேரூன்றிய இவ்விளையாட்டில், வீரர்கள் பனிபடர்ந்த மேடு பள்ளங்களில் 50 கிலோ மீட்டர் வரை விரைந்து செல்கின்றனர். ஓட்டக்காரர் பெரிதும் கால்களால் உழைக்கிறார். பனிச்சறுக்கு வீரரோ கைகளில் ஏந்திய கோல்களால் பனியை உந்தித் தள்ளியபடி கால்களாலும் முன்னேறுகிறார். தோள், முதுகு, வயிறு, தொடை என உடலின் பெருந்தசைகள் யாவும் ஒரே நேரத்தில் உயிர்வளி வேண்டி நிற்கின்றன. அவ்வனைத்திற்கும் குருதியைச் செலுத்த வேண்டிய பொறுப்பு ஓர் இதயத்தின்மீது விழுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஓய்வு நிலையில் மனித இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. கடும் உழைப்பின்போது பயிற்சி பெறாதவரின் இதயம் சுமார் 20 லிட்டரை வெளியேற்றும். தேர்ந்த தாங்குதிறன் வீரரின் இதயம் 35 லிட்டருக்கும் மேல் வெளியேற்ற வல்லது. ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியைச் செலுத்துவதால், அத்தகையோரின் இதயம் ஓய்வில் நிமிடத்திற்கு 40 முறை அளவிலேயே துடிப்பதும் உண்டு.

ஆறு நிமிடமும் மூன்று வாரமும்

துடுப்புப் படகோட்டப் போட்டியின் தொலைவு 2000 மீட்டர். படகின் வகைக்கேற்ப ஐந்தரை முதல் ஏழு நிமிடங்களில் அது முடிந்துவிடும். அதற்குள் வீரர் இருநூறு முறைக்கு மேல் துடுப்பை வலிக்கிறார். கைகளின் விளையாட்டு போல் தோன்றினாலும் இதில் ஆற்றலின் பெரும்பகுதி கால்களிலிருந்தே பிறக்கிறது. தொடக்கத்தில் முதல் வழி, இடையில் மூன்றாம் வழி, இறுதியில் மீண்டும் இரண்டாம் வழி என மூன்று வழிகளையும் இப்போட்டி எல்லைவரை வருத்துகிறது. பெரிய உடல் கொண்ட படகோட்டிகள் நிமிடத்திற்கு 6 லிட்டருக்கும் மேல் உயிர்வளியை நுகர்கின்றனர். எடையால் வகுக்கும்போது பனிச்சறுக்கு வீரரே முந்துகிறார். வகுக்காமல் மொத்த அளவை நோக்கும்போது படகோட்டி அவருக்கு நிகராக நிற்கிறார். அளவுகோலைச் சற்று மாற்றினாலே விடையும் மாறக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

கால அளவை நீட்டினால் வேறொரு காட்சி தோன்றுகிறது. மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோ மீட்டர். 2023ஆம் ஆண்டு சிகாகோவில் கென்ய வீரர் கெல்வின் கிப்டம் அதனை 2 மணி 35 நொடியில் ஓடி முடித்தார். ஒவ்வொரு நூறு மீட்டரையும் சுமார் 17 நொடிகளில் கடந்து, அதனை நானூறு முறைக்கு மேல் இடைவிடாது தொடர்வதற்கு இது ஒப்பாகும். தசையில் சேமித்த கிளைகோஜன் என்னும் சர்க்கரை, 30 கிலோ மீட்டரை ஒட்டிப் பலருக்குத் தீர்ந்துபோகிறது. அதன்பின் ஓடுவது உடலுரத்தோடு மனவுரத்தையும் சோதிக்கிறது.

மாரத்தான் ஒரு நாளில் முடிகிறது. 1903ஆம் ஆண்டு தொடங்கிய பிரான்சு மிதிவண்டிச் சுற்றுப்போட்டியோ இக்காலத்தில் 21 கட்டங்களாக மூன்று வாரங்கள் நீள்கிறது. ஆல்ப்ஸ், பிரனீசு மலைகளைக் கடந்து ஏறத்தாழ 3400 கிலோ மீட்டர் செல்லும் வீரர்கள், நாளொன்றுக்கு 5000 கிலோ கலோரிக்கு மேல் செலவிடுகின்றனர். அங்கு வெற்றியைத் தீர்மானிப்பது மிதிக்கும் திறன் மட்டுமன்று. உண்டதைச் செரித்து, உறங்கி, மறுநாள் காலையில் மீண்டும் புத்துணர்வு பெறும் திறனும் உடல்திறனே ஆகும்.

தன் உடலே சுமையாக

தாங்குதிறன் ஒன்றே உடல்திறன் ஆகாது. சீருடற்பயிற்சி வீரர் இரு வளையங்களைப் பற்றிக்கொண்டு, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, சிலுவை வடிவில் அசைவின்றி நிற்கிறார். அச்சில நொடிகளில் தம் முழு எடையையும் தோள் தசைகளால் தாங்குகிறார். வலிமை, நெகிழ்வு, சமநிலை ஆகிய மூன்றும் இணைந்தாலன்றி அது கைகூடாது. மாரத்தான் வீரரால் அதனைச் செய்ய இயலாது. சீருடற்பயிற்சி வீரரால் மாரத்தானை அவ்வேகத்தில் ஓட இயலாது. ஒருவர் பெற்ற உரம் மற்றொருவரின் களத்தில் பயன்படுவதில்லை.

இம்முரணை ஒரே உடலில் தீர்க்க முயல்வது டெகாத்லான் எனப்படும் பதின்போட்டி. ஓட்டம், தாண்டுதல், எறிதல் சார்ந்த பத்து நிகழ்வுகள் இரண்டு நாள்களில் நடைபெறுகின்றன. குண்டெறிதலுக்குக் கனத்த தசை வேண்டும்; இறுதி நிகழ்வான 1500 மீட்டர் ஓட்டத்திற்கு அத்தசையே சுமையாகும். மகளிருக்குரிய எழுபோட்டியிலும் இதே நிலைதான். 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் எழுபோட்டியில் இந்தியாவிற்கு முதல் தங்கம் வென்ற சுவப்னா பர்மன், இரு கால்களிலும் ஆறு விரல்கள் உடையவர். பொருந்தாத காலணிகள் தந்த வலியோடு அவர் பயின்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

எதிரில் ஒருவர்

இதுவரை கண்டவற்றுள் வீரர் பெரும்பாலும் தொலைவோடும் எடையோடும் போராடுகிறார். குத்துச்சண்டையில் எதிரில் நிற்பவர் மற்றொரு மனிதர். ஒலிம்பிக்கில் மூன்று நிமிடம் கொண்ட மூன்று சுற்றுகள்; தொழில்முறை உலகப் பட்டப் போட்டியில் பன்னிரண்டு சுற்றுகள். தாக்குதல், விலகுதல், அடிதாங்குதல் ஆகியவற்றை எதிராளியின் வேகத்திற்கேற்பச் செய்தல் வேண்டும். ஓய்வு எடுக்கும் நொடியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை வீரருக்கு இல்லை. தமிழர்க்கு நன்கு அறிமுகமான கபடியிலும் இத்தன்மையைக் காணலாம். பாடிச் செல்பவருக்குக் கிடைப்பது 30 நொடி. அதற்குள் மூச்சை அடக்கிப் பாடியவாறே எழுவரை எதிர்கொண்டு மீள வேண்டும்.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் இ.எஸ்.பி.என். நிறுவனம் எட்டு வல்லுநர்களைக் கொண்டு 60 விளையாட்டுகளை மதிப்பிட்டது. தாங்குதிறன், வலிமை, வேகம், நெகிழ்வு, துணிவு உள்ளிட்ட பத்துத் திறன்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் வழங்கப்பட்டது. குத்துச்சண்டை முதலிடமும் பனிவளைகோல் பந்தாட்டம் இரண்டாமிடமும் பெற்றன. மீன்பிடித்தல் இறுதியில் நின்றது. அப்பட்டியல் பத்துத் திறன்களுக்கும் சம மதிப்பு அளித்தது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். துணிவும் சூழலை ஆராயும் அறிவும் தேவையானவையே; எனினும், அவை தசையின் திறன்கள் அல்ல. 'எது கடினமான விளையாட்டு' என்பதும் 'எது மிகுந்த உடல்திறனை வேண்டும் விளையாட்டு' என்பதும் வெவ்வேறு வினாக்கள்.

உரமும் ஊறும்

உடல்திறனைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் காணுதல் வேண்டும். எடைப்பிரிவு உள்ள விளையாட்டுகளில், குறைந்த பிரிவில் போட்டியிடும் நோக்கத்துடன் உடலின் நீரை வெளியேற்றும் வழக்கம் உள்ளது. 1997ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கக் கல்லூரி மற்போர் வீரர்கள் மூவர், எடைக் குறைப்பு முயற்சியின்போது ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குள் உயிரிழந்தனர். அதன்பின் அங்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் இறுதிப்போட்டிக்குத் தகுதிபெற்ற இந்திய மற்போர் வீராங்கனை வினேஷ் போகட், இரவு முழுவதும் முயன்றும் எடை வரம்பைவிட 100 கிராம் மிகுந்திருந்தமையால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். உடலை வளர்ப்பது பயிற்சி. உடலை வற்றச் செய்வது பயிற்சி ஆகாது. தசை உழைக்கும்போது தேய்கிறது, ஓய்வில்தான் வளர்கிறது. ஓய்வற்ற பயிற்சி, மைலோவின் தோளில் முதல் நாளே காளையை ஏற்றுவது போன்றது.

விடை யாது?

இனி வினாவுக்குத் திரும்பலாம். உடல்திறன் என்பதற்கு, உடலின் பெருந்தசைகள் யாவற்றையும் நெடுநேரம் உச்ச அளவில் இயக்கும் ஆற்றல் என்று பொருள் கொண்டால், நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கே முதலிடம் பெறும். துடுப்புப் படகோட்டம் அதன் அருகிலேயே நிற்கும். மீண்டெழும் திறனே பெரிதெனில் மூன்று வார மிதிவண்டிப் போட்டியும், பலதிறன் ஒருங்கிணைதலே பெரிதெனில் பதின்போட்டியும் முன்னிற்கும். அளவுகோலைக் கூறாமல் விடையை மட்டும் கூறுவது வாதம் ஆகாது. அது விருப்பத்தின் வெளிப்பாடே ஆகும்.

இவ்வினாவைவிட முதன்மையான வினா ஒன்றும் உள்ளது. 5 முதல் 17 வயது வரை உள்ளோர், நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் வலியுறுத்துகிறது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த அந்நிறுவனத்தின் ஆய்வோ, உலகப் பள்ளி மாணவர்களுள் ஐவரில் நால்வர் அவ்வளவை எட்டவில்லை எனக் காட்டியது. தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளை பிற பாடங்களுக்கு வழங்கப்படுவது பல பள்ளிகளில் காணும் வழக்கம். பனிச்சறுக்கு வீரரின் இதயமும் பதின்போட்டி வீரரின் தசையும் மிகச் சிலருக்கே வாய்க்கும். ஆயினும், பணித்தற்கேற்ப மாறும் இயல்பு எல்லா உடலுக்கும் பொதுவானது. கன்றைச் சுமக்கத் தொடங்கும் நாள் எதுவோ, அந்நாளிலேயே உரம் பிறக்கத் தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. பள்ளியில் விளையாடப்படும் ஐந்து விளையாட்டுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மூன்று ஆற்றல் வழிகளுள் எது மிகுதியாகப் பயன்படுகிறது எனப் பட்டியலிடுக.

2. 'உடல்திறன் மிக்கவர் படகோட்டியா, குத்துச்சண்டை வீரரா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக. வாதத்தைத் தொடங்குமுன் இரு அணியினரும் தத்தம் அளவுகோலை அறிவித்தல் வேண்டும்.

3. 'விளையாட்டுப் பாடவேளை விளையாட்டுக்கே' என்னும் கருத்தை வலியுறுத்தித் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.