குழி போடுவதற்கு முன்

புதிதாக அகழாய்வுக் களத்துக்கு வரும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்:

1. முதல் நாள் கருவியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் காலாற நடங்கள். பானை ஓடு எங்கே சிதறிக் கிடக்கிறது, உழும்போது எங்கே கல் தட்டுகிறது, தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் புதைத்தார்கள் என்று நிலத்துக்காரரைக் கேளுங்கள். கீழடி மாதிரி தென்னந்தோப்பில் இதைக் கேட்காமல் தரையை ஊடுருவும் ரேடாரை இழுத்தால், குழாயும் வேரும்கூடச் சுவராகத் தெரியும்.

2. காந்தமானி பிடிப்பவர் மேல் இரும்பு கூடாது. சாவிக்கொத்து, பெல்ட், செல்போன், சேலை ஊக்கு எல்லாம் வெளியே. வெள்ளி அரைஞாணும் மெட்டியும் இருக்கட்டும்; அதைக் கழற்றச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா. நாம் தேடும் வேறுபாடோ பல நேரம் சில நானோடெஸ்லாதான்.

3. சுட்ட களிமண் ஆறும்போது அன்றைய காந்தத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1958இல் இங்கிலாந்தின் வாட்டர் நியூட்டனில் மார்ட்டின் எய்ட்கின் புரோட்டான் காந்தமானியால் ரோமானியச் சூளையைக் கண்டுபிடித்தது அதனால்தான். அந்த நாட்டுப் பாடநூல்களைப் படியுங்கள். படங்களை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அங்கே காந்தப்புலம் நிலத்துக்குள் செங்குத்தான சாய்வில் இறங்குகிறது. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவதால், இங்கே அது ஏறக்குறைய படுத்துக் கிடக்கிறது. அவர்களுக்குப் பொருளின் மேல் ஏற்றம் காட்டும் மொத்தப் புலம், நமக்கு அதே இடத்தில் இறக்கத்தையும் வடக்கிலும் தெற்கிலும் ஏற்றத்தையும் காட்டலாம். இன்னொன்று: வடக்கு தெற்காக ஓடும் சுவர் இங்கே மங்கிவிடும், கிழக்கு மேற்காக ஓடுவது துலங்கும். படத்தில் இரண்டு பக்கச் சுவர் இல்லையென்றால், இடிந்துபோனது என்று எழுதிவிடாதீர்கள். மின்தடை அளவியை எடுத்து மறுபடி நடங்கள்.

4. இத்தாலியின் ஃபலேரி நோவியில் 30.5 ஹெக்டேர் ரோமானிய நகரம் முழுவதையும் தோண்டாமலே ரேடாரில் வரைந்து 2020இல் வெளியிட்டார்கள். அந்தப் படத்தைக் காட்டி 'நமக்கும் இப்படி வருமா' என்று அதிகாரி கேட்பார். மண்ணைக் காட்டிப் பதில் சொல்லுங்கள். காய்ந்த மணலில் ரேடார் நன்றாக இறங்கும். ஈரக் களியிலும் உப்பு மண்ணிலும் சீக்கிரமே செத்துவிடும். கண்மாய் நிரம்பியிருக்கும் மாதத்தில் பக்கத்துக் களத்துக்குத் தேதி கொடுக்காதீர்கள்.

5. ரேடார் அளப்பது நேரத்தை, ஆழத்தை அல்ல. திறந்த குழி ஒன்று இருந்தால், அதன் பக்கச் சுவரில் அளந்த ஆழத்தில் இரும்புக் கம்பியைப் படுக்கையாக அடித்து, மேலே ரேடாரை ஓட்டி அலையின் வேகத்தைக் கணக்கிடுங்கள். காந்தமானி வருமுன் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள்!

6. படத்தில் ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஒரு குழி வேண்டும் என்று அடம்பிடியுங்கள். கருவி எதைத் தவறவிட்டது என்பதை வேறெங்கும் கற்க முடியாது. கூலி வீண் என்பார்கள். இரண்டுக்கு இரண்டு மீட்டர் கிடைத்தாலும் போதும் என்று பேரம் பேசுங்கள். வெறுங்குழியாகவே முடிந்தாலும், குழியின் வரைபடத்தையும் அளவீட்டுப் படத்தையும் ஒரே பக்கத்தில் வைத்து அறிக்கையில் சேருங்கள்.