ஐந்து ஆட்டுக்கு எதற்கு மெஷின்?

பீன்யா தொழிற்பேட்டையில் தயாராகும் தீவன வெட்டியும் பால் கறக்கும் மெஷினும் கப்பலேறி ஆப்பிரிக்கா போய்விட்டால் அங்கே ஆடு வளர்க்கும் ஏழைகள் நிமிர்ந்துவிடுவார்கள் என்ற பேச்சு பெங்களூருவில் அவ்வப்போது காதில் விழுகிறது. நல்ல எண்ணம்தான். கணக்குதான் இடிக்கிறது.

நம்பிக்கை: மெஷின் வந்தால் வருமானம் கூடும்.

ஐந்தாறு ஆடு வைத்திருப்பவர் அகத்திக் கொத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் போதும், ஆடு எக்கி எக்கித் தானே உருவித் தின்னும். சோளத்தட்டையை நறுக்கிப் போடும் பெரிய பண்ணைக்குத்தான் தீவன வெட்டி. பால் மெஷினோ இன்னும் வேடிக்கை. இறைச்சிக்காக வளர்க்கும் வெள்ளாட்டில், குட்டி குடித்தது போக என்ன மிஞ்சும்?

நம்பிக்கை: கருவி இல்லாததால்தான் நஷ்டம்.

நஷ்டம் பெரும்பாலும் நோயால் வருகிறது. பி.பி.ஆர். என்கிற ஆட்டுக்கொல்லி நோய் புகுந்தால் மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் என்று சில நாளில் பட்டியே காலியாகலாம். இந்தியாவில் இது முதலில் 1987-ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில், செம்மறிகளிடம் தென்பட்டது. அதை உறுதிசெய்து 1989-ல் எழுதியவர்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ்.சைலாவும் ஒருவர். தடுப்பூசி நம்மிடமே இருக்கிறது: தோலுக்கடியில் 1 மி.லி., ஒரு முறை போட்டால் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

சிக்கல் குப்பியில். உறைய வைத்து உலர்த்திய மருந்து அது. கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு குப்பியில் பெரும்பாலும் 50 அல்லது 100 டோஸ். ஐந்து ஆட்டுக்காகக் குப்பியை உடைத்தால் மிச்சமெல்லாம் வீண். ஆகவே மேய்ச்சலுக்குக் கிளம்புமுன், விடிகாலையில், ஊர் ஆடுகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்க ஆள் வேண்டும், கையில் ஐஸ் பெட்டி வேண்டும். இந்த வைரஸின் நெருங்கிய உறவான மாட்டு வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011-ல் அறிவிக்கப்பட்டது; அந்த வெற்றியில், வெப்பம் தாங்கும் தடுப்பூசிக்கும், ஆப்பிரிக்காவில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்த கிராமத்து ஆட்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆட்டுக்கொல்லிக்கு இப்போது உலக அளவில் வைத்திருக்கும் கெடு 2030.

நம்பிக்கை: விலை கூடிய கருவியே நல்ல கருவி.

பக்ரீத் சமயம் பெங்களூரு சாமராஜ்பேட்டை ஈத்கா மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவித்தான் விலை பேசுவார்கள். அதில் தேர்ந்த கை வியாபாரியுடையது. வீட்டில் ஒரு தொங்கு தராசு இருந்தால், விற்கிற பெண்ணும் எடையைச் சொல்லி வாயாடலாம். பீகாரில் ‘பசு சகி’ என்ற கிராமத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் குடற்புழு மருந்து கொடுக்கிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள், பர்டிசோ இடுக்கியால் கிடாய்க்குக் காயடிக்கிறார்கள். இடுக்கி தோலைக் கிழிக்காது; புண் இல்லை, ஈ மொய்ப்பதும் இல்லை. இவர்கள் சுமப்பதெல்லாம் ஒரு தோள்பைக்குள் அடங்கும்.

நம்பிக்கை: அப்படியானால் ஏற்றுமதியே வீண்.

அதுவும் இல்லை. மழை அதிகமுள்ள ஊரில் பரண் கொட்டகை குளம்பு அழுகலைக் குறைக்கும். ஆனால் பெரிய ஆட்டுக்கு அளவெடுத்த தரைப் பலகை இடைவெளியில் குட்டியின் கால் சிக்கும். அங்கே மூங்கில் கிடைத்தால் பிளாஸ்டிக் பலகையே தேவையில்லை. தீவன வெட்டிதான் அனுப்புவேன் என்பவர் மோட்டாரை விட்டுவிட்டுக் கைச்சக்கரம் வைத்ததை அனுப்பட்டும், பிளேடு அந்த ஊர்க் கொல்லர் சாணை பிடிக்கக் கூடியதாக இருக்கட்டும். பெட்டிக்குள் உதிரி போல்ட்டும் ஒரு கைப்பிடி போடலாம்.